நாற்பத்தோராவது கிலோமீட்டரில் ஒதுங்கியவன்

யால்மார் லுண்ட்மார்க் பொய் சொல்லிப் பழகியவன் அல்ல. அது நல்ல குணத்தால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பொய் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வாயைத் திறக்க வேண்டும். லோம்த்ரேஸ்க்கில் ஆண்பிள்ளைகள் வாயைத் திறப்பது பெரும்பாலும் சாப்பிடுவதற்குத்தான். சுவீடனின் வடகோடியில் இருக்கும் அந்த ஊரில் 'ஆமாம்' என்று சொல்லக்கூட யாரும் மெனக்கெடுவதில்லை. உதட்டைக் குவித்து, 'ஷ்ப்' என்று மூச்சை உள்ளே இழுத்தால் ஆமாம் என்று அர்த்தம். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கு யால்மார் சொன்ன பதிலும் அதுதான்.

அப்பேர்ப்பட்டவன் ஒன்பது மாதம் ஒரு நாட்டையே ஏமாற்றிக்கொண்டிருந்தான். அதற்குக் காரணம் அவன் மாமியார் அஸ்தா.

மார்ச் மாதம் நார்வேயில் ஐம்பது கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம். யால்மாருக்கு அப்போது முப்பத்தொரு வயது. கோடையில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை, குளிர்காலத்தில் பந்தயம். எட்டாவது, பதினோராவது, ஒரு தடவை ஐந்தாவது என்று வந்துகொண்டிருந்தவன். ஜெயிப்பான் என்று அவன் மனைவி ஆன்னேலிகூட எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஊர் விளையாட்டுக் கழகத்து ஆட்கள் முப்பத்திரண்டு பேர் பஸ் பிடித்துப் பதினாறு மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தார்கள். பஸ்ஸின் முதல் இருக்கையில் அஸ்தா. அவள் காலடியில் ஒரு பெரிய டப்பா. டப்பாவில் பால்ட்.

உருளைக்கிழங்கைத் துருவி, பார்லி மாவோடு பிசைந்து, நடுவில் உப்புக்கறி வைத்து அவித்த, முஷ்டி அளவு கொழுக்கட்டை அது. வெண்ணெயும் லிங்கன்பெர்ரி ஜாமும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டால் பிறகு ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. வியாழக்கிழமைதோறும் கழகத்துக் கூடத்தில் அஸ்தா சமைக்கும் பால்ட்டுக்கு நூற்றிருபது பேர் வரிசையில் நிற்பார்கள். இருட்டிலும் பனிச்சறுக்கு ஓட ஊருக்கு விளக்குப் பாதை வந்ததே அந்த வியாழக்கிழமை வசூலால்தான். ஆகவே அஸ்தாவின் பால்ட்டைப் பற்றி லோம்த்ரேஸ்க்கில் யாரும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசமாட்டார்கள்.

பந்தயத்தன்று காலை விடுதி அறைக்கே வந்துவிட்டாள். பால்ட்டை இரண்டாக வெட்டி வெண்ணெயில் வறுத்துத் தட்டில் வைத்தாள்.

"நாலு சாப்பிடு மாப்ளே. வெறும் வயித்தோட அம்பது கிலோமீட்டர் போறவன் பைத்தியக்காரன்."

"அத்தை, காலையில கஞ்சி மட்டும் போதும்னு ரோலாண்ட் சொல்லியிருக்கார்." ரோலாண்ட் அவனுடைய பயிற்சியாளர்.

"ரோலாண்ட் வீட்டுக் கஞ்சிய நான் பாத்திருக்கேன். அத வச்சு சுவத்துல போஸ்டர் ஒட்டலாம். சாப்பிடு."

சாப்பிட்டான். லேசாகப் புளித்த மாதிரி இருந்தது. ஜாமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். டப்பா வைத்திருந்த இடத்துக்கு நேர் கீழே பஸ்ஸின் ஹீட்டர் இருந்தது என்பது அவனுக்குத் தெரியாது.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. முன்னணியில் பன்னிரண்டு பேர்; அதில் எட்டுப் பேர் நார்வேக்காரர்கள்; யால்மார் கடைசி ஆள். அப்போதுதான் வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலியை இடம் மாற்றுவது போல ஒரு சத்தம். முப்பத்தொன்பதில் அலமாரியையும் நகர்த்தினார்கள். நாற்பதில் அவனுக்கு வியர்த்தது. ஐம்பது கிலோமீட்டர் பந்தயத்தில் வியர்ப்பது சகஜம்தான், ஆனால் இது வேறு மாதிரி வியர்வை. நாற்பத்தொன்றில் பாதையோரம் நாலைந்து ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நிற்பதைப் பார்த்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு அழகான மரங்களைப் பார்த்ததில்லை.

ஒதுங்கினான்.

பனிச்சறுக்குக்காரனின் உடுப்பு கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே துண்டு, மேலே எண் எழுதிய சட்டை. இரண்டையும் கழற்றாமல் எதுவும் நடக்காது. யால்மார் என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று விவரிக்கத் தேவையில்லை. வெளியே வந்தபோது ஒரு நிமிடம் ஐம்பது வினாடி ஆகியிருந்தது.

அந்த ஒரு நிமிடம் ஐம்பது வினாடியில் வானம் பொத்துக்கொண்டது. கோழி இறகு மாதிரி பெரிய பெரிய ஈரப்பனி. முன்னால் போன பதினோரு பேரும் காய்ந்த பனிக்குத் தகுந்த மெழுகைத்தான் ஸ்கீ என்ற சறுக்குக்கட்டைக்கு அடியில் பூசியிருந்தார்கள். ஈரப்பனி அதில் அப்பிக்கொண்டது. ஒவ்வொருவரும் குதிகால் உயர்ந்த செருப்பு போட்ட மாதிரி தள்ளாடினார்கள். முன்னால் போகிறவன்தான் புதுப் பனியை உழுது பாதை போட வேண்டும் என்பதால், 'நீ போ, நீ போ' என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிட்டத்தட்ட நின்றேவிட்டார்கள். இறக்கத்தில் நாலு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பனி விட்டது. பதினோரு பேர் உழுது அழுத்திக் கொடுத்த வழுவழுப் பாதையில் யால்மார் வந்தான். உடம்பு லேசாக இருந்தது. இது உவமை அல்ல.

ஒவ்வொருவராகத் தாண்டினான். நாலு வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தான்.

தொலைக்காட்சியில் வர்ணனையாளருக்குத் தொண்டை போய்விட்டது. "நின்னாரு! எல்லாரும் ஓடும்போது அவரு நின்னாரு! பனி வரப்போகுதுன்னு தெரிஞ்சு மரத்துக்குப் பின்னால நின்னு காத்திருந்தாருய்யா மனுஷன்!" கேமராவில் அவன் மரங்களுக்குள் போனதும் வந்ததும் மட்டும்தான் பதிவாகியிருந்தன. நடுவில் மரங்கள்.

பந்தயம் முடிந்த இடத்தில் மைக்கை நீட்டினார்கள். "காத்திருக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

யால்மார் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கழகத்துச் சால்வையோடு அஸ்தா நின்றிருந்தாள். அவன் கை வயிற்றுப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டாள். தலையை மெதுவாக, மிக மெதுவாக, இடமும் வலமும் ஆட்டினாள்.

"நிக்கணும் போல இருந்துச்சு," என்றான் யால்மார். "நின்னேன்."

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. ஒரு வாரத்தில் பனியனில் அச்சடித்து விற்றார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் பின்னால் அவனைத் தள்ளிக்கொண்டு போய் அஸ்தா மிரட்டினாள். "யார்கிட்டயும் மூச்சு விடப்படாது."

"ஊசிப் போயிருந்துச்சு அத்தை."

"ஊசியெல்லாம் போகல. உன் வயிறு அப்படி. ஆனா வெளியில தெரிஞ்சா வியாழக்கிழமை ஒரு ஈ காக்கா வராது. முப்பது வருஷம் மாப்ளே. முப்பது வருஷத்துல ஒருத்தன் ஏப்பம்கூடத் தப்பா விட்டதில்ல."

அவன் 'ஷ்ப்' என்றான். கொடுத்த வாக்கு அவ்வளவுதான்.

யால்மார் வாயை மூடிக்கொண்டால் போதும், விஷயம் அடங்கிவிடும் என்று நினைத்தது தவறு. அவன் பேசாததையெல்லாம் ரோலாண்ட் பேசினார். 'காத்திருப்புக் கோட்பாடு' என்று பெயர் வைத்தார். பலகையில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒன்பது மாதமும் ஊர் ஊராக விளக்கினார். "இதை நாங்க ரெண்டு வருஷமா ரகசியமா பயிற்சி பண்ணினோம்," என்றார். தொடர்ந்து சொல்லிச் சொல்லி அவரே நம்பியும் விட்டார். கோத்தன்பர்க்கில் வங்கி மேலாளர்களுக்கெல்லாம் பேசினார். அவர்களும் குறித்துக்கொண்டார்கள்.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை தொலைபேசி அடித்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து, ஆண்டுதோறும் நாட்டின் தலைசிறந்த விளையாட்டுச் சாதனைக்குத் தங்கப்பதக்கம் கொடுக்கும் பத்திரிகையின் தேர்வுக் குழுச் செயலாளர் பேசினாள்.

"இந்த வருஷத் தங்கப்பதக்கம் உங்களுக்குத்தான்னு குழு முடிவு பண்ணியிருக்கு. ஏத்துக்கிறீங்களா?"

ஷ்ப்.

"ஹலோ? கேக்குதா? ஏத்துக்கிறீங்களா?"

ஷ்ப்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா? மூச்சுத் திணறுதா உங்களுக்கு?"

ஆன்னேலி தொலைபேசியைப் பிடுங்கினாள். "ஆமான்னு சொல்றாருங்க. ரெண்டு தடவை சொல்லிட்டாரு."

செயலாளர் பாராட்டுரையைப் படித்துக் காட்டினாள். ஆன்னேலி அதை ஒரு உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்: 'எல்லோரும் விரைந்தோடும் வேளையில் ஒதுங்கி நிற்கும் பேராண்மைக்காக.' தொலைபேசியை வைத்துவிட்டு அதை உரக்கப் படித்தாள். 'ஒதுங்கி' என்ற இடத்தில் குரல் உடைந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

யால்மார் சிரிக்கவில்லை. ஏழு வயதிலிருந்து வருஷா வருஷம் அந்தப் பதக்கம் வாங்கியவர்களின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கட்டிலுக்கு மேல் ஒட்டியவன் அவன். இப்போதுகூட யார் எந்த வருஷம் வாங்கினார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அந்த வரிசையில் தன் படத்தை நினைத்துப் பார்த்தபோது, கடையில் எதையோ எடுத்து ஜேப்பில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் மாதிரி இருந்தது.

"ஜெயிச்சது நிஜம்தானே? நாலு வினாடி நிஜம்தானே?" என்றாள் ஆன்னேலி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஜெயிச்சது நிஜம். அவங்க பதக்கம் குடுக்கிறது ஜெயிச்சதுக்கு இல்லியே. நின்னதுக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் சிறுவர் பந்தயம். பதக்கம் வாங்கப்போகிறவன் ஊரில் இருக்கும்போது வேறு யார் கொடி அசைப்பது? குளிர் மைனஸ் பதினெட்டு. இருபத்தாறு பிள்ளைகள், இரண்டு கிலோமீட்டர் பாதை. யால்மார் கொடியை அசைத்தான். பிள்ளைகள் கோழிக்குஞ்சுகள் மாதிரி சிதறிப் போனார்கள். பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் திரும்பி வர வேண்டும். ஒன்பது பேர் வந்தார்கள். இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் ஆனது. பெற்றோர்கள் சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாதையையே பார்த்தார்கள்.

யால்மார் ஸ்கீயை மாட்டிக்கொண்டு தேடிப் போனான்.

முதல் வளைவிலேயே மரத்துக்குப் பின்னால் மூன்று பேர். அடுத்த வளைவில் ஐந்து பேர், ஒரே மரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு. ஏற்றத்தில் நாலு, பாலத்தடியில் நாலு. எல்லோரும் கோலை ஊன்றி, தாடையை நிமிர்த்தி, தூரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பத்திரிகையில் ரோலாண்ட் வரைவித்த படத்தில் யால்மார் அப்படித்தான் நிற்பான். அதட்டி எல்லோரையும் கிளப்பிவிட்டான். கடைசி மரத்துக்குப் பின்னால் மால்வா என்று ஒரு ஆறு வயதுப் பெண் தனியாக நின்றாள். இமையெல்லாம் உறைபனி, உதடு நீலம்.

"இங்க என்ன பண்றே?"

"காத்திருக்கேன்."

"எதுக்கு?"

மால்வா யோசித்தாள். பல் கிடுகிடுத்தது. "தெரியல. எல்லாரும் போயிட்டாங்க. எப்பக் கிளம்பணும்னு யாருமே சொல்லல." பிறகு அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "நீங்க எதுக்குக் காத்திருந்தீங்க?"

யால்மாரால் அதற்கு 'ஷ்ப்' என்றும் சொல்ல முடியவில்லை. அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அவள் மூக்குச்சளி அவன் தொப்பியில் உறைந்துகொண்டே வந்தது. அவள் அம்மா ஒன்றும் திட்டவில்லை. கம்பளியில் சுருட்டிக் காருக்குள் தூக்கிப் போய், பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

நேராக மாமியார் வீட்டுச் சமையலறைக்குப் போனான். ஆன்னேலியும் பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, பதக்கம் வாங்குற இடத்துல நான் சொல்லிடப் போறேன்."

அஸ்தா உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "என்னத்த?"

"வயித்துக் கதைய."

"நேரலையிலயா? சுவீடன் முழுக்க சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கிற நேரத்துலயா?"

"பிள்ளைங்க குளிர்ல விறைச்சுப் போகுதுங்க அத்தை. இன்னைக்கு ஒரு பிள்ளைக்கு விரலே போயிருக்கும்."

"அதுக்கு ரோலாண்டப் போய் மரத்துல கட்டு. நான் என்ன பண்ணுவேன்? அஸ்தா மாப்பிள்ளைக்கே விஷம் வச்சான்னு ஊர்ல பேசுவாங்க. எதிர்வீட்டு ஹில்லெவி முப்பது வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு மட்டும் எந்த மரமும் தேவைப்படல!"

"அம்மா," என்றாள் ஆன்னேலி, "அவரு வயிறு சரியில்லன்னு சொல்லட்டும். என்ன சாப்பிட்டாருன்னு சொல்ல வேண்டாம். பால்ட்ங்கிற வார்த்தையே வராது. சரியா?"

அஸ்தா ரொம்ப நேரம் துருவினாள். ஒரு உருளைக்கிழங்கு முழுசாகக் கரைந்தது.

"வராதுல்ல?"

"வராது அத்தை."

"நானும் வருவேன். முதல் வரிசையில உக்காந்து பாப்பேன். பா-ன்னு வாயத் திறந்தாலே எந்திரிச்சு மேடைக்கு வந்துடுவேன்."

ஸ்டாக்ஹோமில் விழா மதியம். காலையிலேயே யால்மார் குழுத் தலைவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போனான். தலைவர் ஃபோல்கே, எழுபத்தைந்து வயது, ஒரு காலத்தில் அவரும் பனிச்சறுக்கு வீரர். யால்மாரின் கட்டிலுக்கு மேல் இவர் படமும் இருந்தது. நீள மேசையில் பதக்கம் திறந்த பெட்டியில் இருந்தது. யால்மார் அதைப் பார்க்காமல் இருக்க சன்னலைப் பார்த்தான்.

"இத நான் வாங்கக் கூடாதுங்க," என்றான். "நான் காத்திருக்கல. எனக்கு..." வார்த்தை தேடினான். வடக்கில் பழகிய ஒரு வார்த்தைதான் கிடைத்தது. அது பத்திரிகை அலுவலகத்தில் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல. ஆனாலும் சொன்னான்.

ஃபோல்கே தலையை ஆட்டினார். "தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"நான் ஒம்பது தடவை அம்பது கிலோமீட்டர் ஓடியிருக்கேன். நீ மரத்துக்குள்ள போன படத்தப் பாத்தேன். முட்டி ரெண்டையும் ஒட்டிக்கிட்டு, மூணாவது எட்டுலயே கழுத்து ஜிப்பத் தேடுற. யோசிச்சு வியூகம் வகுக்கிறவன் அப்படியா நடப்பான்?" அவர் முன்னால் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "குழுவுல மாரத்தான் ஓடின அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க படத்த நிறுத்திட்டு, 'ஐயோ பாவம்'னாங்க. ரெண்டு மணி நேரம் விவாதம். எண் சட்டையக் கழட்டணும், உடுப்ப உரிக்கணும், உள்ளாடை, குளிர், நடுக்கம், மறுபடி எல்லாத்தையும் மாட்டணும். ஒரு நிமிஷம் அம்பது வினாடி! நானெல்லாம் நல்ல காலத்துலயே மூணு நிமிஷத்துக்குக் குறைஞ்சு முடிச்சதில்ல. அதுக்கப்புறம் காலி வயித்தோட ஒம்பது கிலோமீட்டர்ல பதினோரு பேரத் தாண்டியிருக்க. இதுக்குக் குடுக்காம எதுக்குப்பா பதக்கம் குடுக்கிறது?"

யால்மார் சன்னலை விட்டுத் திரும்பினான். "அப்ப அந்தப் பாராட்டுரை?"

"வேற என்னத்த எழுதச் சொல்ற? கல்வெட்டு மாதிரி காலத்துக்கும் நிக்கப்போற சமாச்சாரம். கலாச்சாரப் பக்கத்து ஆசிரியர்கிட்ட எழுதக் குடுத்தோம். அந்த மனுஷன் பஸ்ஸப் பிடிக்கக்கூட ஓடினதில்ல. அவருக்கு மட்டும் விஷயம் தெரியாது. 'ஒதுங்கி'ன்னு அவரா எழுதிட்டு வந்தப்ப நாங்க ஆறு பேரும் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டோம்."

முதல் தடவையாக யால்மார் பெட்டிக்குள் பார்த்தான். பதக்கம் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"பிள்ளைங்களுக்காக நான் சொல்லியாகணும்," என்றான். மால்வாவின் கதையைச் சொன்னான். இவ்வளவு நீளமாக அவன் யாரிடமும் பேசியதில்லை.

ஃபோல்கே எழுந்து அவன் தோளைத் தட்டினார். "சொல்லு. ஆனா சுருக்கமா. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருப்பாங்க."

மண்டபத்தில் இருநூறு பேர். முதல் வரிசையில் ஆன்னேலி, அவள் பக்கத்தில் கழகத்துச் சால்வையை ஊசி குத்திப் போட்டுக்கொண்டு அஸ்தா, அதற்குப் பக்கத்தில் ரோலாண்ட். கலாச்சாரப் பக்கத்து ஆசிரியர் பாராட்டுரையை நடுங்கும் குரலில் வாசித்தார். கைதட்டல். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். யால்மார் மைக்கின் முன்னால் நின்றான். அஸ்தா அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்றி," என்றான். பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் அதைக் காத்திருப்புக் கோட்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

"பனிச்சறுக்கு ஓடுற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மரத்துக்குப் பின்னால நிக்காதீங்க. நான் நிக்கல. உக்காந்தேன். எனக்கு வயித்தால போச்சு. வேற ஒரு காரணமும் இல்ல. உங்களுக்கும் வந்தா ஒதுங்குங்க. வரலைன்னா ஓடுங்க. அவ்வளவுதான்."

இருநூறு பேரும் முள்கரண்டியோடு சிலையானார்கள். கலாச்சாரப் பக்கத்து ஆசிரியர் தன் கையிலிருந்த காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், தான் எழுதியதை முதல் தடவை படிப்பவர் போலப் படித்தார். ரோலாண்ட் நாற்காலியில் சரிந்துகொண்டே போனார். மண்டபத்தின் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் 'களுக்' என்றாள். மாரத்தான் ஓடிய அம்மாவாக இருக்கும். அதோடு மண்டபம் முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பத்திரிகைக்காரன் ஒருவன் எழுந்து கத்தினான்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

யால்மார் வாயை இறுக மூடிக்கொண்டான். இழுத்த மூச்சைக்கூட வெளியே விடவில்லை. வாக்கு வாக்குதான்.

ஆனால் அஸ்தா எழுந்துவிட்டாள். சால்வை ஊசி தெறித்து விழுந்தது. "பால்ட்ல ஒரு குறையும் இல்ல!" என்றாள். மைக் இல்லாமலே நாடு முழுக்கக் கேட்கும் குரல். "முப்பது வருஷமா பண்றேன், கேட்டுப் பாருங்க லோம்த்ரேஸ்க்குல! அந்தத் தடியன் டிரைவர் ஹீட்டரப் பதினாறு மணி நேரம் போட்டு வச்சிருந்தான்! டப்பாவ அது மேலயா வைப்பாங்கன்னு கேக்குறீங்களா? வேற எங்க வைக்கிறது, மடியிலயா? நாலு சாப்பிட்டான், நாலும் நல்லா இருந்துச்சு, இல்லேன்னா எதுக்கு நாலு சாப்பிடுவான்?"

ஆன்னேலி அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா. அவரு ஒண்ணும் சொல்லலம்மா."

"என்னது?"

"பால்ட்ன்னு அவரு சொல்லவே இல்ல. நீதான் சொன்னே."

அஸ்தா சுற்றும்முற்றும் பார்த்தாள். நாலு கேமராக்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு, ஒரு ராணி சிம்மாசனத்தில் அமர்வது போல, மெல்ல உட்கார்ந்து சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் அஸ்தா கழகத்துச் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள். வியாழக்கிழமை கூடத்தைத் திறக்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னாள். புதன்கிழமை மாலை யால்மார் அவள் வீட்டுக்குப் போய், கேட்காமலே மேலங்கியைக் கழற்றிவிட்டு, உருளைக்கிழங்கு துருவ உட்கார்ந்தான். அவன் துருவிய அழகைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு துருவியைப் பிடுங்கினாள். "தோலோட துருவுறியே, அறிவிருக்கா? தள்ளு."

வியாழக்கிழமை நூற்றெழுபது பேர் வந்தார்கள். அதில் ஐம்பது பேருக்குப் பால்ட் பிடிக்கவே பிடிக்காது. சும்மா பார்க்க வந்தவர்கள். ஹில்லெவியும் வந்தாள். முதல் வாய் வைத்துவிட்டு கூடமே கேட்க, "இப்ப என்ன ஆகுதுன்னு பாப்போம்," என்றாள். ஒன்றும் ஆகவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மால்வா வெண்ணெய் மட்டும் நக்கிவிட்டு எழுந்தாள். ரோலாண்ட் மூன்று வாரம் தலைகாட்டவில்லை. வந்தபோது பலகையில் புதிதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். நடுவில் 'உடம்பின் அறிவு' என்று எழுதியிருந்தது. யால்மார் அதைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, "வேண்டாம் ரோலாண்ட்," என்று அவரை மறுத்துச் சொன்னான்.

ஜனவரியில் லூலேயோ நகரத்திலிருந்து இரண்டு பந்தயக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துச் சமையலறை வாசலில் நின்றார்கள். யால்மார் அப்போது உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எங்களுக்கு ஆளுக்கு நாலு வேணும்," என்றான் ஒருவன்.

"வரிசையில நில்லுங்க," என்றாள் அஸ்தா.

"இதில்லீங்க." மற்றவன் குரலைத் தாழ்த்தினான். "அடுத்த வாரம் எங்களுக்குப் பந்தயம். ஹீட்டர்ல வச்சது ஏதாவது இருக்குமா?"

அவர்கள் காருக்கு ஓடிய வேகத்தைப் பார்த்து, இந்த வருஷம் இவர்கள் நன்றாக ஓடுவார்கள் என்று யால்மாருக்குத் தோன்றியது. அஸ்தா மத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு உள்ளே திரும்பி, "நீ என்னத்தப் பாக்குற? அந்தப் பெரிய அண்டாவத் தேய்," என்றாள்.

யால்மார் 'ஷ்ப்' என்றான்.